தம்பியின் அழுகை நின்ற ஞாயிறு

ஓடும் பஸ்ஸில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே வந்து சட்டென்று நிறுத்தினால், மற்றவர்கள் அப்பாடா என்று சாய்ந்துகொள்வார்கள். நான் எழுந்துவிடுவேன். போன மாதம் பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும்போதும் இதுதான் நடந்தது. ஓட்டுநர் போட்ட பாட்டையும் மீறி, பின் ஆசனத்தில் ஒரு பிள்ளை வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் இருந்த மனிதர் காதைப் பொத்திக்கொண்டார். நான் சுகமாக இருந்தேன். பிறகு ஒரு வளைவு திரும்பியதும் பாட்டு மட்டும் கேட்டது. கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடிமேல் குனிந்தேன். பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் மெல்லிய சீட்டி.

"இப்பத்தாங்க தூங்குறான்" என்று அந்தப் பெண் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவளைப் பார்க்கிற பார்வை. அது நியாயம்தான். அந்தச் சீட்டியை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டுதான் என் இடத்துக்குத் திரும்பினேன். ஆனால் இறங்கும்வரை நான் அந்த பஸ்ஸில் இல்லை. தெமோதரைக்கு மேலே, மழையில் அதிர்கிற ஒரு தகரக்கூரைக்குக் கீழே, பால்பல் விழுந்த வாயோடு நின்றுகொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், ஒற்றை அறையான எங்கள் காம்பராவுக்கும் பெரியப்பாவின் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. இருந்தது என்று சொல்வதில் கொஞ்சம் பெருமையடிப்பு உண்டு. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய், அலுத்துப்போய் நின்றுவிட்ட சுவர் அது. அதற்கு மேலே தகரம் வரைக்கும் புகை படிந்த இருட்டு. அந்த இருட்டுக்கு இந்த வீடு, அந்த வீடு என்ற பேதம் கிடையாது. பெரியம்மா கருவாடு பொரித்தால் எங்களுக்கு எச்சில் ஊறும். அப்பா இருமினால் பெரியப்பா தொண்டையைச் செருமுவார். எல்லாம் போகும், எல்லாம் வரும். பேச்சு மட்டும் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை ஒரு சவுசவுக் கொடியால் வந்தது. அப்பா எங்கள் வீட்டுப் பின்பக்கம் நட்ட கொடி, வேரை எங்கள் பக்கம் வைத்துவிட்டு, பெரியப்பாவின் கூரையில் ஏறிப் போய்க் காய்த்தது. கொடி என்னுடையது என்றார் அப்பா. கூரை என்னுடையது என்றார் பெரியப்பா. அண்ணன் தம்பி இருவரும் நெஞ்சு முட்ட நின்றார்கள். பிறகு பேசுவதையே விட்டார்கள். அதே நாட்களில், எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்ட மனுவில், பெரியப்பா இந்தியாவுக்குப் போவதாக எழுதிப்போட்டிருந்தார், அப்பா இங்கேயே இருப்பதாக எழுதிப்போட்டிருந்தார் என்பதும் என் காதில் விழுந்திருந்தது. ஆனால் அது பெரியவர்களின் காகித விவகாரம். காய் கண்ணால் காண்கிற விவகாரம். எனக்குக் காய்தான் சண்டை.

ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்களால் முடியுமா? அம்மா பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சோற்றுப்பானையிடம் சொன்னாள். பெரியம்மா பூனையிடம் பதில் சொன்னாள். சில பேர் வீட்டுக் கூரைக்குக் கை முளைத்திருக்கிறது, காயெல்லாம் தானாகப் பறித்துக்கொள்கிறது என்று அம்மா பானைக்குத் தெரிவிப்பாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் பூன பேசாம இருக்க, நம்ம கூர சுமக்குற பாரத்துக்குக் கூலி கேக்க வேண்டியதுதானே" என்று குரல் வரும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அந்தப் பக்கம் பெரியம்மாவும் சிரிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தச் சண்டைக்குள்தான் தம்பி பிறந்தான். பெரியம்மா அவனைத் தொட்டதில்லை. பிள்ளையில்லாதவள் என்று லயத்தில் சொல்வார்கள். முன்வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அவன் தவழும்போது அவள் தண்ணீர்க் குடத்தோடு கடந்து போவாள். தலை திரும்பாது, நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகும். தம்பிக்கோ கூரையைத் தூக்குகிற குரல். பசித்தாலும் கத்துவான், நிறைந்தாலும் கத்துவான். கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற நேரத்தில் அம்மா அவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டால், அங்கே இருக்கிற மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவனைப் பார்த்துக் கத்தக் கற்றுக்கொண்டன என்று ஆயா முறையிடுவாள்.

ஐப்பசி மழை இறங்கி, லயத்துக்கு மலைநீர் கொட்டுகிற பீலியில் தண்ணீர் கலங்கிச் சிவந்த ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது.

ஒரு சின்ன வயிறு ஒரு வீட்டை எப்படித் தலைகீழாக்கும் என்பதை அன்றைக்குக் கண்டேன். முதலில் துணி தீர்ந்தது. அம்மாவின் பழைய சேலை கிழிந்தது, அப்பாவின் சாரம் கிழிந்தது, கொழுந்துக்கூடைக்குக் கீழே இடுப்பில் கட்டுகிற சாக்கு ஒன்றுதான் தப்பியது. வெளியே காயவைக்க வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டதால், வீட்டுக்குள் நடக்க வேண்டுமானால் ஈரத்தை விலக்கி விலக்கி நடக்க வேண்டும். அம்மா சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. உலை வைக்க மறந்தாள். என் தலையைச் சீவ மறந்தாள். நான் இருப்பதையே மறந்தாள். எனக்கு அது சுதந்திரமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் அப்பா. வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தறியாத மனிதர், தம்பியின் துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு பீலிக்குப் போனார். குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீர் கல்லில் ஓட ஓட, துணியை அடித்து அடித்துத் துவைத்தார். மீசை வைத்த ஒருவர் அப்படிக் குந்தியிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பல் முளைக்கிறது என்றார்கள். தோஷம் தட்டியிருக்கிறது என்றார்கள். வெயிலிலும் மழையிலும் கொழுந்து எடுக்கிற தாயின் உடம்புச் சூடு பாலில் இறங்கிவிட்டது, பாலை நிறுத்து என்றாள் கடைசிக் காம்பராக்காரி. அம்மா நிறுத்தினாள். மார் கட்டி வலித்தபோது, சிரட்டையில் பீய்ச்சி எடுத்து, யாருடைய காலும் படாத இடமாகப் பார்த்து, அந்தச் சவுசவுக் கொடியின் அடியில் ஊற்றினாள். வெள்ளையாக நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. உள்ளே தம்பி அந்தப் பாலுக்காகத்தான் கத்திக்கொண்டிருந்தான். கொடி குடித்தது.

பிறகு அம்மாவுக்குக் கண்ணேறு ஞாபகம் வந்தது. மிளகாய், உப்பு, வாசல் மண் எல்லாம் எடுத்துத் தம்பியின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி அடிக்காவிட்டால் கண்ணேறு என்று அர்த்தம். அடிக்கவில்லை, பார்த்தாயா என்று பானையிடம் சொன்னாள். பெற்றறியாத கண் சுவரைத் துளைத்துக்கொண்டு பார்க்கும் என்றும் சொன்னாள். அடிக்காமல் எங்கே போகும், அது நேரே மேலே எழுந்து சுவரைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் பெரியம்மா இருமத் தொடங்கினாள். வெகுநேரம் இருமினாள். அன்றைக்குப் பூனைக்கு அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் வேலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். மலையிலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தை மாடியில் பரப்பி, காற்று விட்டு, அதில் இருக்கிற தண்ணீரை வாங்குவது. வாடியது போதுமா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கி விடுவார். பச்சைக் கொழுந்து குதித்து விரியும். பதமாக வாடியது பிடித்த பிடியிலேயே நிற்கும். அந்தப் பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தண்ணீர்தான் கெடுதல், தண்ணீர் வற்றினால் எல்லாம் நிலைக்கும் என்பது அவர் கைகள் கற்ற பாடம். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கும் தேத்தண்ணிதான், காயத்துக்கும் தேயிலைப் பொடிதான்.

"ஓட்டப் பானைக்கு எவனாவது தண்ணி ஊத்துவானா" என்று கேட்டார். "சாயத்தக் குடு. இழுத்துப் பிடிச்சிரும்."

ஆகவே சொட்டுத் தண்ணீர் கிடையாது. பால் கிடையாது. தூளைக் கருக்கக் கருக்கக் கொதிக்கவைத்து, சீனி போடாமல், கரண்டி நுனியில் அப்பா தம்பிக்குப் புகட்டினார். தம்பி முகத்தைச் சுளித்தான், துப்பினான், கத்தினான். வெள்ளி கத்தினான், சனி கத்தினான். லயம் முழுக்க அந்தக் கத்தலில் விடிந்தது.

ஞாயிறு காலை மழை விட்டது. தோட்டத்து மருந்துச்சாலை பூட்டியிருந்தது. எங்கோ கோயில் மணி கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, மணி கேட்கிற அளவுக்கு வீடு அமைதியாகிவிட்டது என்று. தம்பி அடங்கிவிட்டான்.

எங்கள் வீட்டில் அது ஒரு திருவிழா. அம்மா மாரியம்மாவைக் கும்பிட்டாள். அப்பா இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, பாத்தியா, தேயிலை பிடிச்சிருச்சி என்றார். சொல்லிய வாய் மூடுவதற்குள் தூங்கிப்போனார். அம்மா தம்பியைப் பாயில் போட்டுப் போர்த்திவிட்டு, கிடைத்த அமைதியில் தலையைச் சுவரில் சாய்த்தாள். நான் ஒரு குச்சியால் மண்தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். குச்சியின் கீறல்கூடக் கேட்டது.

"சின்னவளே."

அம்மா கண்ணைத் திறந்தாள். குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பூனையிடம் பேசுகிற குரல் இல்லை அது.

"சின்னவளே, புள்ள ஏன் அழுவல?"

அம்மா பானையைப் பார்த்து, தூங்குறான் என்றாள்.

"தூங்கயில மூக்குல சீட்டி அடிப்பான். தெனம் கேக்குறவ நான். இப்பக் கேக்கலையே."

பிறகு அந்தப் பக்கம் எதையோ இழுக்கிற சத்தம். விறகுப் பெட்டியாக இருக்க வேண்டும். சுவருக்கு மேலே, கூரையின் கரி இருட்டில், பெரியம்மாவின் முகம் எழும்பியது. தேரில் சாமி எழும்புவது மாதிரி இருந்தது எனக்கு. வாரப்படாத தலை, குங்குமம் இல்லாத நெற்றி. அந்த முகம் கீழே பாயைப் பார்த்தது. ஒரு நொடிதான். பெட்டி சரிகிற சத்தம், அவர்கள் வீட்டுக் கதவு, எங்கள் வீட்டுக் கதவு. ஒரு வருஷம் மிதிக்காத வாசலை மிதித்து உள்ளே வந்துவிட்டாள்.

போர்வையை எடுத்தாள். தம்பியின் கண்கள் பாதி திறந்திருந்தன, எங்களைப் பார்க்கவில்லை. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது, ஒரு பெருவிரல் வைக்கலாம். அழுவதுபோல உதடு கோணியது. சத்தம் வரவில்லை, கண்ணில் நீர் வரவில்லை. பெரியம்மா அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் கீழே விழவில்லை. தூக்கிய இடத்திலேயே சுருக்கமாக நின்றது.

எழுந்து வந்து நின்ற அப்பா அதைப் பார்த்தார். அவருடைய வலக்கை தானாக ஒருமுறை மூடித் திறந்தது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எதையோ தெரிந்துகொண்ட முகம். ஸ்டோரில் தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பதம் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் வெகுகாலத்துக்குப் பிறகு, அதே மாடியில் ஒரு பிடி கொழுந்தை என் கையில் அவர் இறுக்கிக் காட்டியபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

"நான்தான் வத்த வச்சிட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பெரியம்மா திரும்பவில்லை. சேலை நுனியைக் குடத்தில் முக்கித் தம்பியின் உதட்டில் வைத்தாள். அவன் உறிஞ்சினான். அந்தச் சின்ன உறிஞ்சல் சத்தம் கேட்டதும் அம்மா உடைந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா தோளை விலக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மேலே இருட்டைப் பார்த்துத் தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

பெரியப்பா எங்கேயோ புறப்பட்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வைத்திருக்கிற வெள்ளைச் சட்டை. நீலம் போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்தது. அதைப் போட்டுக்கொண்டால் அவர் தோட்டத்தில் யாருக்கும் வழிவிட மாட்டார். உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல், சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றித் தம்பியை நெஞ்சோடு உள்ளே வைத்துக்கொண்டு நடந்தார். தேயிலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதை. மேலே எல்லப் பக்கமிருந்து கோச்சி, பதுளைக்குப் போகிற ரயில், கூவியது. நடந்தவர்கள் ஓடினார்கள். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் யாருக்கும் நினைவு வரவில்லை. நானும் ஓடினேன். முன்னால் பெரியப்பா, அவர் முதுகைத் தொட்டுவிடுகிற தூரத்தில் அப்பா. வழுக்குகிற இடங்களில் அப்பாவின் கை அண்ணனின் முழங்கையைத் தாங்கியது, அப்புறம் விட்டுவிட்டது. பேச்சில்லை.

தெமோதரையில் கோச்சி கிடைத்தது. அங்கே பாதை எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற கோச்சி, மலையைச் சுற்றி இறங்கி, விட்டு வந்த ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் நுழையும். சுரங்கத்துக்குள் போனதும் ஒன்றும் தெரியவில்லை. கரிய இருட்டு, சக்கரங்களின் இரைச்சல். அம்மா என் கையை நொறுங்கப் பிடித்தாள். அந்த இரைச்சலுக்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"இருக்கு."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இருக்கு."

தம்பியின் மூக்கில் காதை வைத்து, மூச்சு வர வர அவள் அதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு 'இருக்கு'க்கும் நடுவில் அந்த மலையின் முழு எடையும் எங்கள் தலைமேல் இருந்தது. வெளிச்சம் வந்தபோது நாங்கள் எல்லோரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதுளை ஆஸ்பத்திரியில் தம்பியைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தலையில் ஒரு பக்கம் மழித்து, அங்கே ஊசி குத்தி, மேலே ஒரு போத்தலைத் தொங்கவிட்டார்கள். டாக்டர் சிங்களவர். தெரிந்த தமிழில், என்ன குடுத்தது என்று கேட்டார். தேத்தண்ணிங்க ஐயா என்றார் அப்பா. தண்ணி? என்றார் டாக்டர். குடுக்கலீங்க, குடுத்தா இன்னும் போயிரும்னு என்றார் அப்பா. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்து அப்பா தலையைக் குனிந்து நின்றார். டாக்டர் திட்டவில்லை. பிள்ளை காய்ந்துபோச்சு, தண்ணிதான் மருந்து, இன்றைக்குள்ளே மூத்திரம் போனால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்பா அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சொட்டு திரளும், தயங்கும், விழும். தண்ணீரை வாங்குவதே வேலையாக இருந்த மனிதர், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்குவதற்காகக் கைகூப்பியதை நான் பார்த்தேன்.

எங்கள் குடும்பம் முழுவதும் மூத்திரத்துக்காகக் காத்திருந்தது. பங்குனியில் மழைக்குக் காத்திருக்கிற மாதிரி. மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிட்ட தாதி அடிக்கடி வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவாள். அம்மாவுக்கு மயக்கம் வந்து பெரியம்மா அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள். பின்னேரம், பார்க்க விடுகிற நேரத்தில், தம்பியைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று மிஸ்ஸி சொன்னாள். அப்பா கையை நீட்டினார், பிறகு தன் கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். ஊசிக் குழாய் இழுபடாமல், வெள்ளைச் சட்டையோடு, சிலை மாதிரி நின்றார்.

ஒரு வருஷப் பூட்டு அங்கேதான் உடைந்தது.

"டேய் சின்னவனே" என்றார் பெரியப்பா. குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "ஒன்னுக்குப் போறான்டா."

அப்பா பாய்ந்து வந்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலிருந்து ஒரு நனைவு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அசையாதண்ணே" என்றார் அப்பா. "நின்னுரப் போவுது."

பெரியப்பா அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. நனைவு வயிற்றைக் கடந்தது, வேட்டியைத் தொட்டது. கோயிலில் பாலாபிஷேகம் பார்க்கிறவர்களைப் போல நாங்கள் சுற்றி நின்று அதையே பார்த்தோம். அம்மாவும் பெரியம்மாவும் ஓடி வந்தார்கள். நீலம் போட்ட சட்டை கெட்டதே என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பாவின் கண்ணிலிருந்து தாடைவரை நீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை. அப்பா தன் துண்டை எடுத்து அண்ணனின் முகத்தைத் துடைத்துவிட்டார். மிஸ்ஸி வந்து பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சொன்னது யாருக்கும் தெரியாது, எல்லோரும் சிரித்தோம். அந்தச் சத்தத்தில் தம்பி உதட்டைக் கோணி, ஒரு முனகல் முனகி, அப்புறம் அழுதான். மெல்லிய, கிழிந்த அழுகை. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

பிறகு ஒரு தகரக் கோப்பை வந்தது. ஆற வைத்த சுடுதண்ணீரில் உப்பும் சீனியும். கரண்டி கரண்டியாகக் குடுங்கள் என்றார்கள், பாலும் குடுங்கள் என்றார்கள். அம்மா ஒரு கரண்டி, பெரியம்மா ஒரு கரண்டி. கடைசியில் அப்பாவின் கையில் கரண்டியைத் திணித்தாள் பெரியம்மா. அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் தம்பியின் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பிக்குச் சுவர் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கம் விறகுப் பெட்டி, இந்தப் பக்கம் உரல். அம்மா ஏறி நின்று நீட்டுவாள், மேலே இருட்டில் இரண்டு கை வந்து வாங்கிக்கொள்ளும். அவன் சுவருக்கு மேலால் போனான், சுவருக்கு மேலால் வந்தான். சவுசவுக்காய் இரண்டு உலையிலும் வெந்தது. பானைக்கும் பூனைக்கும் வேலை போயிற்று. ஆகவே இனி யாரும் எங்கேயும் போக மாட்டார்கள் என்று நான் முடிவுசெய்தேன். காய்ச் சண்டை தீர்ந்துவிட்டதே.

பெரியப்பாவுக்குப் பாஸ்போட்டு வந்தபோது நான் அம்மாவிடம் வாதாடினேன். சமாதானம் ஆனவர்கள் எதற்காகப் போக வேண்டும்? எழுதிப்போட்டது எழுதிப்போட்டதுதான் என்றாள் அம்மா. இந்தியா பண்டாரவளைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது, பொங்கலுக்கு வந்துவிடுவார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெட்டிகளோடு அவர்கள் பதுளைக்கே போய் ஏறினார்கள். நாங்கள் தெமோதரை ஸ்டேஷனில் நின்றோம். முதலில் கோச்சி காலுக்குக் கீழே, சுரங்கத்துக்குள், கேட்டது, தரை நடுங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. மலையைச் சுற்றி அது ஏறி வருகிற நேரம் முழுவதும் அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து நின்றதும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒப்பாரி. பெரியப்பா அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். அவரும் அப்பாவும் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா தம்பியை ஜன்னல் வழியாக நீட்டினாள், சுவருக்கு மேலால் நீட்டுகிற மாதிரியே. பெரியம்மா வாங்கி அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். அத்தனை அழுகைக்கும் நடுவில் தம்பி மட்டும் அவள் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா பல வருஷம் கழித்து, உலை கொதிக்கிற ஒரு பொழுதில் சொன்னாள். பெரியம்மாவுக்கும் ஒரு பெண் பிள்ளை இருந்ததாம், அம்மா அந்த லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னே; அம்மாவுக்கே அது பிறகுதான் தெரிந்ததாம். இதே மாதிரி வயிற்றால் போய், ஓயாமல் அழுத பிள்ளை ஒரு காலை அடங்கியதும், தூங்கட்டும் என்று போர்த்திவிட்டு மலைக்குப் போனாளாம். அவள் கண்ணைப் போய்க் கெட்ட கண் என்று சொன்னேனே என்று அம்மா பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நின்ற எனக்கு இது எதுவும் தெரியாது. விசில் ஊதியதும் பெரியம்மா தம்பியைத் திருப்பி நீட்டினாள். நீட்டுகிறபோது, என் கண் முன்னாலேயே, அவன் தொடையில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள். தம்பி திகைத்து, அடிவயிற்றிலிருந்து வீறிட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. போகிறபோதா பிள்ளையைக் கிள்ளிவிட்டுப் போவது? அம்மா பதறி அவனை நெஞ்சோடு அணைத்து, வாயைப் பொத்தி, ஆராரோ என்று அமர்த்தப் பார்த்தாள். கோச்சி நகர்ந்தது. பெரியம்மா ஜன்னல் வழியாக முகத்தை எவ்வளவு வெளியே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தாள்.

"அமத்தாத, சின்னவளே. அழுவட்டும் விடு. எனக்குக் கேக்கட்டும்."